முப்பத்தொரு காளான் பவளங்கள்

ஏப்ரல் 2, 1999
ஹூரான் ஏரி

அன்புள்ள ஹெல்மி அத்தைக்கு,

ஆர்லன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் சௌகரியம். நேற்று கப்பலில் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். இருபத்தாறு பேருக்கு மூன்று வேளைச் சமையல் தொடங்கிவிட்டது.

விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு உங்களை அத்தை என்று கூப்பிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பதினெட்டு வருடப் பழக்கம், நாக்கு வேறு எதற்கும் வளையவில்லை. பிடிக்காவிட்டால் சொல்லிவிடுங்கள்.

ஜனவரியில் நான் கப்பலை விட்டு இறங்கி வந்தபோது மார்லீஸின் அலமாரி காலியாக இருந்தது. இப்போது வீடும் கைவிட்டுப் போயிற்று. ஒன்பது மாதம் ஏரியில் கிடப்பவன் கடல்நீர்த் தொட்டியை எங்கே வைப்பான் என்று நான் விழித்தபோது, "எங்க சாப்பாட்டு ரூம்ல கொண்டாந்து போடு, நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். மகள் என்ன சொல்வாளோ என்றுகூட யோசிக்கவில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

இத்தனை வருடம் மார்லீஸ்தான் பார்த்துக்கொண்டாள் என்பதால் நான் எதையும் எழுதி வைத்ததில்லை. இப்போது எழுதுகிறேன். பாறையில் ஒட்டியிருப்பவை மொத்தம் முப்பத்தொன்று. காளான் குடை போலத் தெரிந்தாலும் அவை செடியல்ல, பவள வகை உயிர்கள். மற்ற பவளங்களைப் போல இவற்றுக்கு ஏகப்பட்ட வெளிச்சமும் வேண்டாம், நீரோட்டமும் வேண்டாம். விளக்கு எட்டு மணிநேரம் எரிந்தால் போதும். மோட்டாரின் வாய் பாறைப் பக்கம் திரும்பக் கூடாது. செவ்வாய்க்கிழமைதோறும் இரண்டு வாளித் தண்ணீரை எடுத்துவிட்டு, நீல மூடிப் பீப்பாயில் கலக்கி வைத்த உப்புத்தண்ணீரை அதே அளவு ஊற்றுங்கள். நடுவில் மட்டம் இறங்கினால் கண்ணாடியில் நான் போட்டிருக்கும் கோடு வரை நிரப்புங்கள். வெள்ளை மூடிப் பீப்பாயில் வடிகட்டிய நல்ல தண்ணீர் இருக்கிறது. உப்பு டப்பா இரண்டு வைத்திருக்கிறேன், நவம்பர் வரை வரும்.

ரொம்பச் செல்லம் கொடுக்காதீர்கள். கண்டுகொள்ளாமல் விட்டால்தான் அவை நன்றாக இருக்கும்.

என்றும் அன்புள்ள,
ஆர்லன்


ஏப்ரல் 20, 1999
ஹான்காக், மிச்சிகன்

அன்புள்ள ஆர்லன்,

எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். நீ சமைப்பதை நீயும் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். அத்தை என்று கூப்பிடலாமா என்று கேட்டு மூன்று வரியை வீணாக்கியிருக்கிறாய். பதினெட்டுக் குளிர்காலம் என் கூரையில் ஏறிப் பனி தள்ளியவன் என்னை வேறு எப்படிக் கூப்பிடுவான்?

உன் முப்பத்தொன்றும் சுகம். காலையில் காப்பியோடு உட்கார்ந்து எண்ணுகிறேன். மந்தமான பிராணிகள்தான், ஆனால் விளக்குப் போட்டதும் மெல்ல விரிவதைப் பார்த்தால் பொழுது போவது தெரியவில்லை. இங்கே இன்னும் விறகடுப்பு எரிகிறது, அதனால் தொட்டியில் தண்ணீர் தினமும் இறங்குகிறது. கோடு தவறாமல் நிரப்பிவிடுகிறேன்.

ஞாயிறன்று மார்லீஸ் ஃபீனிக்ஸிலிருந்து போன் செய்தாள். "என்னம்மா அங்க உர்ருனு சத்தம்?" என்றாள். "பிரிட்ஜுக்கு வயசாயிடுச்சு" என்றேன். அவளுக்கு இப்போதைக்கு இது போதும். எனக்கு எழுபது வயது, என் சாப்பாட்டு அறையில் யாருடைய தொட்டி இருக்கலாம் என்று முடிவு செய்ய எனக்குத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹெல்மி அத்தை


மே 16, 1999
டெட்ராய்ட் ஆறு

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? உங்கள் கடிதத்தைத் தபால் படகுக்காரர் இன்று கொடுத்தார். ஓடும் கப்பலில் இருந்து கயிற்றில் வாளியை இறக்கினோம், போட்டுவிட்டுப் போனார். கப்பல் ஓட்டும் பெரிய பைலட் என்னைப் பார்த்து, "என்னய்யா, மாமியார் கடுதாசிக்கு இப்படி ஓடி வர்ற ஆள இப்பதான் பாக்கறேன்" என்று கிண்டல் செய்தார்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். சில சமயம் ஒரு காளான் பாறையை விட்டுக் கழன்று மிதக்கும். பயப்படாதீர்கள். சின்னக் கிண்ணத்தில் உடைந்த சிப்பியைப் பரப்பி, அதில் அதை வைத்து, மெல்லிய வலைத்துணியால் மூடி ரப்பர் பேண்டு போட்டுவிடுங்கள். பத்து நாளில் பற்றிக்கொள்ளும். நல்ல ஆரோக்கியமான காளானைப் பிளேடால் வாய் நடுவே நான்காக வெட்டினால் நான்கும் தனித்தனியாக வளரும். தொட்டி வளர்க்கும் எங்கள் கூட்டத்தார் அப்படித்தான் ஒருவருக்கொருவர் துண்டு கொடுத்துக்கொள்வோம்.

எத்தனை விரிந்திருக்கின்றன என்று எழுதுங்கள். படுப்பதற்கு முன் அதைப் படிக்கப் பிடித்திருக்கிறது.

அன்புடன்,
ஆர்லன்


ஜூன் 9, 1999
ஹான்காக்

அன்புள்ள ஆர்லன்,

நான் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது. பனி உருகி வடக்குப் பக்கக் கூரைத் தகரம் இரண்டு பெயர்ந்திருக்கிறது, ஆள் வைத்து அடிக்கச் சொல்லியிருக்கிறேன். தேவாலய விருந்துக்கு எட்டுச் சுருள் ஏலக்காய் ரொட்டி சுட்டேன், ஒன்றுகூட மீதியில்லை. ஜன்னல் ஜெரேனியம் இந்த வருடம் கொள்ளைப் பூ. உன் வெள்ளை மூடிப் பீப்பாய்த் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன், வீணாகிறதே என்று. செடிக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

தொட்டியும் நன்றாக இருக்கிறது.

ஹெல்மி அத்தை


ஜூன் 27, 1999
ஈரி ஏரி

அன்புள்ள அத்தைக்கு,

சுகம்தானே? எனக்கு அடுப்பு வெக்கையைத் தவிரக் குறையில்லை.

இந்தக் கடிதத்தில் நீங்கள் எண்ணிச் சொல்லவில்லை. மறந்திருப்பீர்கள். ஆனால் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்ற கடிதங்களைப் படித்துக்கொண்டே ஏமாந்தவன் நான். போன வருடம் முழுக்க மார்லீஸ் அப்படித்தான் எழுதினாள்.

தொட்டி பாரமாக இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். க்ரீன் பேயில் ஒரு கடைக்காரர் வேன் அனுப்பி மொத்தமாக எடுத்துக்கொள்வார். குளிர்காலத்துக்கு இன்ஜின் அறை நண்பர் டொலிடோவில் ஒரு அறை தருவதாகச் சொல்கிறார். தொட்டி அங்கே இல்லையென்றால் ஜனவரியில் நான் ஹான்காக் வரை வந்து உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

ஆர்லன்


ஜூலை 12, 1999
ஹான்காக்

அன்புள்ள ஆர்லன்,

நலமே. வேனும் வேண்டாம், கடைக்காரரும் வேண்டாம். என் வாசலில் யாராவது வேனை நிறுத்தினால் டயரில் காற்று இருக்காது என்று சொல்லிவை. எண்ணிக்கை கேட்டாய். முப்பத்தொன்று.

ஜூலை நாலு சுதந்திர தின விடுமுறைக்கு மார்லீஸ் வந்தாள். சாப்பாட்டு அறையில் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். "அம்மா, இது அவரோடதுதானே? இன்னும் ஏன் இதைக் கட்டிக்கிட்டு அழுவுற? அவரு இப்ப உனக்கு யாரு?" என்றாள். "உனக்கு யாருமில்ல, சரி. எனக்கு யாருன்னு நீ ஏன் சொல்ற?" என்றேன். தட்டைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போய்ச் சாப்பிட்டாள். மூன்று நாளும் தொட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. போகும்போது மட்டும் தொட்டிக் கண்ணாடியை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கார் ஏறினாள்.

உப்பு இரண்டாம் டப்பாவும் அடிக்கு வந்துவிட்டது. மீன்தொட்டிச் சாமான் கடைக்குப் போன் செய்து மூன்றாவது வரவழைத்திருக்கிறேன். இந்தப் பிராணிகள் நன்றாக உப்புத் தின்கின்றன.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

ஹெல்மி அத்தை


ஆகஸ்ட் 1, 1999
டெட்ராய்ட் ஆறு

அத்தை,

நலம் விசாரிக்க நேரமில்லை, தபால் படகு பக்கத்தில் வந்துவிட்டது. தினமும் மட்டம் இறங்கும்போது எந்தப் பீப்பாயிலிருந்து நிரப்புகிறீர்கள்? நீல மூடியிலிருந்து என்றால் உடனே நிறுத்துங்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். இறங்கின மட்டத்துக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். நீங்கள் உப்புத்தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் தொட்டி ஊறுகாய்ப் பானையாகிவிடும்.

நவம்பர் வரை வர வேண்டிய உப்பு ஜூலையில் தீர்ந்ததையும், நல்ல தண்ணீர் ஜெரேனியத்துக்குப் போவதையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. தப்பு என்னுடையது. இரண்டு பீப்பாயைப் பற்றியும் எழுதினேன், நடுவில் மட்டம் இறங்கினால் எது என்று எழுதவில்லை. இதை ஒருவர் அறியாமல் இருப்பார் என்றே எனக்குத் தோன்றவில்லை.

ஒரேயடியாக மாற்றாதீர்கள். இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் குறையுங்கள்.

முப்பத்தொன்று என்று எழுதினீர்கள். உண்மையைச் சொல்லுங்கள், எத்தனை?

ஆர்லன்


ஆகஸ்ட் 14, 1999
ஹான்காக்

அன்புள்ள ஆர்லன்,

நான்கு.

மேலே வேறு எதையும் எழுத மனம் வரவில்லை, அதனால் அதை முதலில் எழுதினேன். மே மாதக் கடைசியிலேயே அவை சுருங்கத் தொடங்கின. பச்சை நிறத்தவை எல்லாம் முதலில் போயின, கூழாகக் கரைந்து. ஜூன் கடிதம் எழுதியபோது பத்தொன்பது. முப்பத்தொன்று என்று எழுதிய அன்று ஏழு. கடலில் வாழும் பிராணிக்குப் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் செத்துப்போகும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். வெள்ளை மூடித் தண்ணீர் வாளி கழுவுவதற்கு என்று முடிவு கட்டிவிட்டேன். உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாது என்பது தெரிந்துவிடுமே என்று கேட்கவில்லை.

உன் கடிதம் வருவதற்குப் பத்து நாள் முன்பே எனக்கு விஷயம் தெரியும். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஹவுட்டனில் பல் டாக்டர் பெலான்ஜரின் காத்திருப்பு அறையில் ஒரு கடல்நீர்த் தொட்டி உண்டு. ஊறுகாய் பாட்டிலில் நம் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனேன். வரவேற்பில் இருந்த பெண், "எந்தப் பல்லுங்க?" என்றாள். "பல்லுக்கு ஒண்ணுமில்ல, தண்ணிக்குத்தான் வைத்தியம்" என்றேன். டாக்டர் உப்பு அளக்கும் கருவியில் ஊற்றி அளந்து பார்த்தார். முள் கோட்டைத் தாண்டி மேலே போய் நின்றது. "இதுல இன்னும் உயிரோட இருக்குதா? உங்க காளானுங்க கெட்டிக்காரப் பயலுங்கதான்" என்றார். அன்றிலிருந்து அவர் சொன்னபடி தினமும் நாலு தம்ளர் உப்புத்தண்ணீரை எடுத்துவிட்டு நாலு தம்ளர் நல்ல தண்ணீர் ஊற்றுகிறேன். நேற்று முள் பாதி வழி இறங்கியிருக்கிறது.

ஏன் பொய் எழுதினேன் என்று கேட்பாய். தொட்டி இல்லையென்றால் இந்த வீட்டில் உனக்கு என்ன வேலை? மகள் உன்னை விட்டுப் போனாள், நான் விடவில்லை. ஆனால் சட்டம் எனக்கு ஒரு உரிமையும் தரவில்லை. இந்தத் தொட்டி ஒன்றுதான் உன்னை ஜனவரியில் என் வாசலுக்குக் கொண்டுவரும் என்று நம்பினேன். அதை நானே ஊறுகாய் போட்டுவிட்டேன்.

இந்த நான்கைச் சாக விட மாட்டேன். இது நிச்சயம்.

ஹெல்மி அத்தை


செப்டம்பர் 21, 1999
ஹான்காக்

அன்புள்ள ஆர்லன்,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? கோபம் என்றால் இரு, கோபத்திலும் சாப்பிடு. இனிமேல் கெட்ட செய்தியைத்தான் முதலில் எழுதுவேன் என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஒன்று செத்துப்போயிற்று. மூன்று இருக்கின்றன. நீலம் இரண்டு, சிவப்பு ஒன்று. உப்பு இப்போது சரியான அளவில் நிற்கிறது, டாக்டர் மூன்று முறை அளந்துவிட்டார்.

மூன்றைச் சுற்றி உட்கார்ந்து காவல் காப்பது எனக்கு ஒத்துவரவில்லை. பெரிய நீலத்தை வெட்டினேன். டாக்டர், "இன்னும் ஒரு மாசம் பொறுங்க" என்றார். ஒரு மாதத்தில் அதுவும் போய்விட்டால் அவரா வந்து எனக்குப் பதில் சொல்வார்? நாற்பது வருடம் ஹெர்ரிங் மீன் அறுத்த கை இது. கையுறை மாட்டிக்கொண்டு, புதுப் பிளேடால், வாய்க்கு நடுவே சரியாக நாலு துண்டு. கொழகொழவென்று ஒரே வழுக்கல்.

மெல்லிய வலைத்துணி என்று எழுதியிருந்தாய். கடையில் கிடைப்பதெல்லாம் முரடு. கடைசியில் அட்டைப் பெட்டியில் இருந்த மார்லீஸின் கல்யாண முக்காட்டை எடுத்து ஒரு முழம் வெட்டினேன். அருமையான வலை, தண்ணீர் போகிறது, துண்டு போகவில்லை. இத்தனை வருடத்தில் அந்தத் துணி உருப்படியாக ஒரு வேலை செய்கிறது.

அன்புடன்,
ஹெல்மி அத்தை


அக்டோபர் 26, 1999
ஹான்காக்

அன்புள்ள ஆர்லன்,

கெட்ட செய்தி: நான்கு துண்டில் ஒன்று கரைந்துவிட்டது. தொட்டியைச் சூடாக வைக்கும் வெப்பக்குழாய் ஒரு நாள் நின்று தண்ணீர் குளிர்ந்துவிட்டது, புதிதாக வாங்கினேன். முழங்காலும் மோசம்.

மற்றவை: மூன்று துண்டு சிப்பியைப் பற்றிக்கொண்டன. ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. அந்தத் தைரியத்தில் சிவப்பையும் வெட்டிவிட்டேன். இரண்டு நீலப் பொத்தானை டாக்டரின் தொட்டியில் விட்டிருக்கிறேன். என் வீட்டில் ஏதாவது ஆனாலும் அங்கே இருக்கும். உங்கள் கூட்டத்தார் செய்வதைத்தான் செய்திருக்கிறேன்.

முக்காட்டை வெட்டியதை மார்லீஸிடம் போனில் சொல்லிவிட்டேன். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிற்று. அவள், "எவ்ளோ வெட்டின?" என்றாள். "ஒரு முழம்." "மீதியையும் வெட்டிக்கோம்மா, எனக்கு அனுப்பிடாத" என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

ரேடியோவில் ஏரியில் காற்று அதிகம் என்கிறார்கள். நீ எனக்கு எழுத வேண்டாம். பத்திரமாக இருப்பதாக யாரையாவது விட்டு ஒரு வரி போடச் சொல்.

ஹெல்மி அத்தை


நவம்பர் 21, 1999
மிச்சிகன் ஏரி

அன்புள்ள அத்தைக்கு,

பத்திரமாக இருக்கிறேன். இரண்டு நாள் புயலில் நங்கூரம் போட்டுக் கிடந்தோம். சூப் முழுக்கத் தரையில் கொட்டியதைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. உங்கள் முழங்காலுக்கு டாக்டரைப் பாருங்கள், பல் டாக்டரை அல்ல.

கோபமாகத்தான் இருந்தேன். செத்ததற்காக இல்லை. தொட்டி வைத்திருக்கும் எல்லோரும் ஒருமுறையாவது எல்லாவற்றையும் சாகடித்திருப்போம். நானும் சாகடித்திருக்கிறேன். ஆனால் அந்த "முப்பத்தொன்று" என்னைக் குத்திவிட்டது. போன வருடம் மார்லீஸ் எழுதிய இருபது கடிதத்திலும் எல்லாம் நலம்தான். அதை நம்பிக்கொண்டு ஜனவரியில் அவளுக்கு ஒரு சங்கிலி வாங்கிப்போய் வெறும் வீட்டில் நின்றேன். தாயும் மகளும் ஒரே மாதிரி எழுதுகிறார்களே என்று நினைத்தேன். டொலிடோ அறைக்குச் சரி என்றும் சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு வந்த கடிதங்களையும் பதில் போடாமல் திரும்பத் திரும்பப் படித்தேன். செத்தது, கரைந்தது, குளிர்ந்துபோனது என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதுவரை யாரும் இப்படிக் கெட்ட செய்தியை நேராக எழுதியதில்லை. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது நான் அங்கே உங்கள் வீட்டில் இருப்பதுபோல் இருந்தது.

அதனால் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். மிச்சமிருக்கும் காளான்களை எல்லாம் பல் டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள். தொட்டியை விற்றுவிட்டுச் சாப்பாட்டு மேசையை அதன் பழைய இடத்தில் போடுங்கள். டொலிடோவுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஜனவரி பதினாறு, ஞாயிற்றுக்கிழமை, ஹான்காக் வருகிறேன். தொட்டியைப் பார்க்க இல்லை.

உங்கள்,
ஆர்லன்


டிசம்பர் 3, 1999
ஹான்காக்

அன்புள்ள ஆர்லன்,

கெட்ட செய்தி எழுதலாம் என்று வீடு முழுக்கத் தேடிப் பார்த்தேன், இன்று எதுவும் இல்லை. உன் கடிதத்தைப் பின்வாசலில் நின்றே படித்து முடித்தேன், கோட்டுகூடப் போடாமல். கொஞ்சம் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் டாக்டரிடம் கொடுக்கச் சொன்னாயே, அது நடக்காது. நீ கொண்டுவந்த முப்பத்தொன்று உன்னுடையவை. அவற்றைக் கொன்றது நான், அதற்கு எத்தனை முறை வேண்டுமானாலும் மன்னிப்புக் கேட்கிறேன். இப்போது இருப்பது, டாக்டர் தொட்டியில் விட்ட இரண்டையும் சேர்த்து, ஒன்பது. சிவப்பு நாலு துண்டும் பற்றிக்கொண்டன. ஆகஸ்டில் செத்த ஒன்றின் அடிப்பாகம் பாறையில் கொஞ்சம் ஒட்டியிருந்திருக்கிறது, அதிலிருந்து மிளகு அளவில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. இந்த ஒன்பதும் என் கையால் வெட்டியும், மூடியும், தம்ளர் தம்ளராகத் தண்ணீர் மாற்றியும் பிழைத்தவை. இவை என்னுடையவை. உனக்கு ஆசையாக இருந்தால் வசந்த காலத்தில் ஒரு நீலம் வெட்டித் தருகிறேன், நீ உன் சொந்தத் தொட்டி வாங்கிக்கொள்.

சாப்பாட்டு மேசை சமையலறையில் கிடக்கிறது, அங்கேயே இருக்கட்டும். இரண்டு நாற்காலிக்கு இடம் இருக்கிறது.

மார்லீஸிடம் நீ வருவதைச் சொன்னேன். "தொட்டிதான் இப்ப உன்னோடதுங்கறியே, அப்புறம் அவரு என்னன்னு சொல்லிக்கிட்டு அங்க வராரு?" என்று கேட்டாள். "சாப்பிட வரான்" என்றேன். அதற்கு அவள், "முட்டைக்கோஸ் போட்டுடாத, அவருக்கு ஆகாது" என்றாள். "எனக்குத் தெரியாதாடி?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

பின்வாசல் கதவு திறந்திருக்கும். நேராக உள்ளே வா.

உன்
அத்தை